வளர விட்டுத் தைத்தது

ஜனவரி 19

அண்ணிக்கு,

நான்தான், உங்கள் நாத்தனார். நீங்கள் வைத்த பெயரில் சொன்னால் வாயாடி. இதைக் கொண்டுவருகிற லாரிக்காரர் நல்ல மனுஷன், நீங்கள் இருக்கிற இடத்தை விசாரித்துச் சொன்னதும் அவர்தான். இங்கே போன் கோபுரம் இன்னும் விழுந்துதான் கிடக்கிறது, ஊருக்கே இப்போது அவர்தான் தபால்காரர். பதிலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பேசமாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறாளே என்று அண்ணனிடம் சிரிக்க வேண்டாம். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

தெருவுக்குள் சுட ஆரம்பித்த அன்று நீங்கள் இரண்டு பேரும் தெற்கே போகிற வண்டியில் ஏறினீர்கள். எங்களுக்கு கிழக்கே போகிற வண்டிதான் கிடைத்தது. ஒரு வருஷம் அங்கே கிடந்துவிட்டு, சாலையைத் திறந்ததும் போன மாதம் ஊருக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இடிந்த ஊரில் கொத்தனாருக்கா வேலை இருக்காது? ஆனால் ஊர் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்புகிறவர் வீட்டுக்குக் கூரை இல்லை. எங்கள் வாடகை வீட்டின் மேலே தார்ப்பாய்தான்.

உங்கள் வீடு, அதாவது அப்பா கட்டிய வீடு, நிற்கிறது. நான் உள்ளே போகவில்லை. "இனி இந்த வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று அன்றைக்கு அவ்வளவு ஓட்டத்திலும் நின்று சொல்லிவிட்டுத்தானே ஓடினேன். சொன்ன சொல் சொல்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் நன்றாகவே தெரிந்தது. தையல் மெஷினின் கால் மட்டும் மூலையில் நிற்கிறது. தலையைத்தான் நீங்கள் கழற்றிப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்களே. "அம்மா பெட்டியை எடுங்க, அம்மா பெட்டியை எடுங்க" என்று கத்தினேன். உங்கள் காதில் விழவில்லை. இரும்பு பெரிதாகப் போய்விட்டது.

அது போகட்டும். நகர அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இந்த வருஷம் முடிவதற்குள் குடும்பம் வந்து குடியேறாத வீட்டையெல்லாம் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கொடுத்தால் போனதுதான். வந்துவிடுங்கள் அண்ணி. அந்தத் தலையையும் தூக்கிக்கொண்டே வாருங்கள்.

வாயாடி


பிப்ரவரி 11

வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் வெகுநேரம் என்னிடம் கொடுக்கவே இல்லை. திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "இவ கத்தறது இங்க வரைக்கும் கேக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள், இருக்கிறீர்களா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒரு வருஷம் போயிருக்கிறது. உன் கோபத்தைப் படிக்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பெஞ்சுகளை அடுக்கி, குடும்பத்துக்கு ஒரு மறைப்பு. பிறகு பிள்ளைகள் படிக்க வேண்டும், கிளம்புங்கள் என்றார்கள். நியாயம்தான். இப்போது ஒரு சோடா கம்பெனியின் பழைய கிடங்கில், பின்பக்க அறையில் இருக்கிறோம்.

உன் அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அங்கே அவர் கைபடாத சுவிட்ச்போர்டு நம் தெருவில் உண்டா? இங்கே மின்சார வேலைக்கு ஒருவரை வீட்டுக்குள் விடுவதென்றால் தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாம் எங்களோடு ஓடிவந்தவர்கள். அவர்களுக்கே சிபாரிசு இல்லை.

எனக்கு மட்டும் அந்தச் சிக்கல் வரவில்லை. ஒரு சட்டைக் கை தைத்துக் காட்டினால் போதும். அந்த இரும்பால்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். இதை உன்னிடம் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

காலில்லாத தலையை என்ன செய்தேன் என்று கேட்பாய். பாட்டில் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, தலையை அதில் இறுக்கினோம். மிதிக்க வழியில்லை. நான் துணியைப் பிடிக்க, உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றுவார். மூட்டை தூக்கிய கைக்கு மெதுவாக என்றால் என்னவென்றே தெரியவில்லை. முதலில் தைத்த சட்டையின் தையல் குடித்தவன் நடந்துபோன மாதிரி போயிற்று. இப்போது நான் மூச்சு விடுவதை வைத்தே எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிகிறது.

கூட இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் நம் பக்கத்து ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர், அவர்தான் துணி வெட்டுகிறார். இன்னொருவர் பேக்கரி வைத்திருந்த அக்கா, இஸ்திரியும் பொத்தானும் அவர் பொறுப்பு. ஒரு கான்ட்ராக்டர் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பினால் மெஷின் கிளம்பும். மெஷின் கிளம்பினால் அந்த இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையும்.

இங்கே எங்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான், 'வந்தவங்க'. "வந்தவங்க கிடங்கு", "வந்தவங்க டீச்சர்", "அந்த வந்தவங்க பொம்பளை". எங்கிருந்து வந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டைப் பற்றி யோசிக்காத நாள் இல்லை, வாயாடி. இப்போது வர முடியாது.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

என் அண்ணன் சக்கரம் சுற்றுகிறாரா! அப்பா வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன். இதைப் படித்துக் காட்டினேன், என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஏனோ அழுகை வந்தது.

ஆனால் கோபம் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். இரண்டு அடுப்பு அணையும் என்கிறீர்கள். இங்கே அப்பாவின் வீடு கைமாறினால் அது எந்தக் கணக்கு? பக்கத்து வீட்டில் யாரோ வந்து பூட்டை மாற்றிவிட்டார்கள். நான் தினமும் உங்கள் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், திருடி மாதிரி. பிறந்த வீட்டை ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒரே பெண் ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

"உள்ளேதான் போயேன், யார் தடுக்கறா?" என்கிறார் இவர். நான் சொன்ன சொல் தடுக்கிறதே.

வாயாடி


மே 8

வாயாடிக்கு,

உனக்கு எழுதத் தாமதமானது. மனசு சரியில்லை.

கான்ட்ராக்டர் சீருடை வேலையைக் கொடுத்தார். ஸ்கர்ட்டுகள்தான் முழுக்க. துணிக்கட்டு அவருடையது, கூலி மட்டும் நமக்கு. நம் தெருவில் எப்படித் தைப்போமோ அப்படியே தைத்தேன். பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே, கீழ் மடிப்பில் நாலு விரல். 'வளர விட்டுத் தை' என்பார்களே, அதேதான். வேறு மாதிரி தைக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. டீச்சர் சாக்பீஸால் துணி மேல் கோடு போட்டு, துளி வீணாகாமல் வெட்டிக் கொடுத்தார். முதல் தவணை போய்ப் பிள்ளைகள் போட்டுக்கொண்டும் விட்டார்கள்.

இரண்டாவது தவணையை எடுக்க வந்தவர் ஸ்கர்ட்டுகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வெட்டுத்துணி எங்க?"

"மிச்சம் ஒண்ணும் இல்லைங்க."

"மிச்சம் இல்லாம எப்படி? போன தடவையும் இதையே சொன்னீங்க. மூட்டை கட்டி வெளியில வித்துட்டீங்களா?"

இந்த ஊரில் வெட்டுத்துணி கான்ட்ராக்டருக்குச் சொந்தமாம். தலையணைக்காரர்களுக்கு விற்பாராம். நம் ஊரில் துணி கொண்டுவருகிறவர் பிள்ளைக்குத்தானே தைப்போம்? மிச்சத்தை அந்தத் துணிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால்தான் நாணயமான தையல்காரி. இங்கே அதே காரியம் எனக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்தது.

"வந்தவங்களுக்கு வேலை குடுக்காதேன்னு சொன்னாங்க. கேட்டேனா நான்?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பேக்கரி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு ஸ்கர்ட்டை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் காட்டினேன்.

"உங்க துணி எங்கயும் போகலைங்க. உள்ளே இருக்கு. பிள்ளை வளந்தா பிரிச்சு விடலாம்."

"வளந்தா புதுசு வாங்கட்டும்! என் துணியை எடுத்து நீ யாருக்குத் தானம் பண்றே?"

உள்ளே இருக்கிற துணியையெல்லாம் வெட்டி எடுத்து, மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டுமாம். அதுவரை கூலியும் இல்லை, வேலையும் இல்லை. துணி அவருடையது என்பதால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சலே.

தைத்து முடித்ததை எடுத்து வெட்டுவதற்குக் கை வரவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

உன் அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

வெட்டாதீர்கள். அவன் கிடக்கிறான். உங்களையா திருடி என்றான்? நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்தத் துணிக்கட்டை அவன் தலையிலேயே சுற்றி அனுப்பியிருப்பேன்.

ஒன்று சொல்கிறேன். ஓடிய அன்று என் மகள் போட்டிருந்தது நீங்கள் தைத்த நீல ஸ்கர்ட். போட்ட துணியோடு ஓடினோம் என்று எல்லோரும் சொல்வார்கள், எங்களுக்கு அது நிஜம். அவளுக்கு அந்த ஒன்றுதான். துவைத்துத் துவைத்து அது சாம்பல் நிறமாகிவிட்டது, இவளும் கொடி மாதிரி வளர்ந்துவிட்டாள். இங்கே பள்ளிக்கூடம் ஆரம்பித்திருக்கிறது. புதுத் துணிக்கு நான் எங்கே போவேன்? ஊரில் துணிக்கடை என்று ஒன்று இருந்தால்தானே!

போன வாரம் அதன் கீழ் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே வெயிலே படாத நீலம், நீங்கள் வெட்டிய அன்றைக்கு இருந்த அதே நீலம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மகளுக்கு ஒரே குஷி. "அத்தை எனக்கு பார்டர் வெச்சிருக்காங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இந்தப் பிள்ளை வளரும், அதுவரை இருக்கும் என்று நம்பித்தானே அன்றைக்கு அந்தத் துணியை உள்ளே வைத்தீர்கள்? அதைப் போய் வெட்டுவதா?

வாயாடி


ஜூன் 20

வாயாடிக்கு,

வெட்டினோம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே முடிவெடுத்தாகிவிட்டது. பேக்கரி அக்காவின் மகனுக்குக் காய்ச்சல், டீச்சர் வீட்டில் அரிசி இல்லை. கொள்கை பேச எனக்கு ஒரு மெஷின் தலையாவது இருக்கிறது, அவர்களுக்கு என்ன இருக்கிறது? கத்தரியை நானே எடுத்தேன். மற்றவர்களை வெட்டச் சொல்ல மனசு வரவில்லை. உன் அண்ணன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தார். வெட்டுத்துணி ஒரு மூட்டை சேர்ந்தது. கான்ட்ராக்டர் வந்து தூக்கிப் பார்த்துத் திருப்தியாக எடுத்துக்கொண்டு போனார்.

முதல் தவணை மட்டும் தப்பித்தது. பிள்ளைகள் இடுப்பில் இருப்பதை யார் கழற்ற முடியும்?

உன் அண்ணி


ஜூலை 9

அண்ணிக்கு,

நான் திட்டுவேன் என்று காத்திருப்பீர்கள். இந்தத் தடவை இல்லை. கத்த எனக்குத் தெரியும். கத்தரியை எடுத்துத் தன் வேலையைத் தானே வெட்டி, இரண்டு வீட்டில் உலை வைக்க எனக்குத் தெரியாது. இவரிடம் சொன்னேன். "உன் அண்ணி பெரிய மனுஷி" என்றார். "அதை நான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது" என்றேன். ஆனால் சொல்கிறேன்: நீங்கள் பெரிய மனுஷி.

வீட்டைப் பற்றி இப்போது கேட்கவில்லை. ஜன்னலுக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன்.

வாயாடி


நவம்பர் 16

வாயாடிக்கு,

உட்கார்ந்து படி. நல்ல சேதிதான்.

போன மாதம் ஒரு அம்மா கையில் ஸ்கர்ட்டோடு கிடங்கு வாசலில் வந்து நின்றார். மகள் ஒரே பருவத்தில் விறுவிறுவென்று வளர்ந்துவிட்டாளாம். புதுசுதான் வாங்க வேண்டும் என்று நினைத்தவர், கீழ் மடிப்பு கனமாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்திருக்கிறார். "உள்ளே இவ்வளவு துணி இருக்கே! இதைத் தைச்சது நீங்களா?"

பிரித்து விட்டுக் கொடுத்தேன். மறுநாள் நாலைந்து பேர் வந்தார்கள், அடுத்த நாள் வரிசை. எல்லாம் முதல் தவணை. இரண்டாவது தவணைக்காரர்களும் வந்தார்கள். தையலைத் திருப்பிக் காட்டினேன், விடுவதற்கு நூலிழைகூட இல்லை. "அவ பொண்ணுக்கு இருக்கு, எம்பொண்ணுக்கு ஏன் இல்லை?" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. "வெட்டின துணி கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு" என்று உண்மையை மட்டும் சொன்னேன். அவ்வளவு அம்மாக்களும் அங்கே போனார்கள். பாவம் மனுஷன்.

அவர் வந்தார். வாடிக்கையாளர் உட்கார வைத்திருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார். வரும் வருஷச் சீருடை 'பழைய மாதிரியே' வேண்டும் என்றார். "வெட்டுத்துணி?" என்று டீச்சர் கேட்டார். "உள்ளயே இருக்கட்டும்" என்றார். பேக்கரி அக்கா அவருக்கு டீ கொடுத்தார், ஆனால் சர்க்கரை போடவில்லை. அது மறதி என்கிறார். நான் நம்பவில்லை.

இதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. நேற்று ஒரு பெண் தெருமுனைக் கடையில் வழி கேட்டிருக்கிறாள். "வந்தவங்க கிடங்கு எங்க?" என்று கேட்கவில்லை. "அந்த வளர விட்டுத் தைக்கிற கடை எங்க இருக்கு?" என்று கேட்டாளாம். உன் அண்ணன் அங்கேதான் நின்றிருக்கிறார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பெண் வீட்டில் ஃபேன் ஓடவில்லையாம். அதையும் இவர்தான் போய்ச் சரிசெய்தார். இப்போது எங்களைத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

அதனால்தான் இதைக் கேட்டு எழுதுகிறேன். வருஷம் முடியப் போகிறது. வந்து குடியேறினால்தான் வீடு நம்முடையது. வந்தால் இந்தக் கடை இல்லை, அந்த இரண்டு பேரின் பிழைப்பும் இல்லை. உன் அண்ணன் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அப்பா வைத்த அந்த வாசல் கதவைப் பற்றித் தூக்கத்தில்கூடப் பேசுகிறார். நான் எதை வெட்டுவது, வாயாடி? ஒரு தடவை வெட்டிய கை இன்னும் வலிக்கிறது. நீ சொன்னால் கேட்கிறேன். வா என்றால் வருகிறேன்.

உன் அண்ணி


டிசம்பர் 14

அண்ணிக்கு,

வாசப்படியை மிதித்துவிட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இவரைத் தார்ப்பாயைப் பிரிக்கச் சொன்னேன். சட்டி பானை, மகள், கொத்துக் கரண்டி எல்லாவற்றோடும் அப்பா வீட்டுக்குள் நுழைந்தோம். அம்மாவின் பெட்டி இருந்தது. பூட்டை உடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வெறும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் பித்தளை, ஒரு சால்வை. அதை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பீர்கள்? அந்த இரும்பு மூன்று குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, எத்தனையோ பிள்ளைகளுக்கு உடுப்பு கொடுக்கிறது. சரியானதைத்தான் தூக்கியிருக்கிறீர்கள். இதை ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நகர அலுவலகத்துக்காரர் சரிபார்க்க வந்தார்.

"வீட்டுக்காரர் யாரு?"

"எங்கண்ணன்."

"எங்க அவரு?"

"வேலைக்குப் போயிருக்கார்." இதில் பொய் ஒன்றும் இல்லையே!

"நீங்க கட்டிக்குடுத்துப் போனவங்கதானே? இதுல எப்படி இருக்கீங்க?"

"போனவ வந்துட்டேன் சார். வந்தவங்களுக்குத்தான் வீடுன்னு நீங்கதானே ஒட்டியிருக்கீங்க? நான் வந்தவதான், நல்லாப் பாத்துக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேசுவதையெல்லாம் எழுதினால் தன் பேனா மை தீர்ந்துவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். அண்ணன் பெயருக்கு நேரே 'குடும்பம் வசிக்கிறது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வாயை எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் உட்பட. அதுதான் வீட்டைக் காப்பாற்றியது.

மெஷினின் காலை லாரியில் ஏற்றிவிட்டேன். இவர் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டிருக்கிறார். தலை இருக்கிற இடத்துக்குத்தானே கால் போக வேண்டும்? இனி அண்ணன் கையை விடுவித்து அவரை ஃபேன் மாட்ட அனுப்புங்கள். சக்கரத்தை நீங்களே மிதித்துச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டீர்களே, எதை வெட்டுவது என்று. ஒன்றையும் வெட்ட வேண்டாம், வரவும் வேண்டாம். முன்னறையில் நாங்கள் இருக்கிறோம். உங்கள் அறையைப் பெருக்கி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுச் சாத்தி வைத்திருக்கிறேன். இந்த வீடு உங்களுக்கு வளர விட்ட துணி, அண்ணி. உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு வந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

வாயாடி